தலைமுடி வயிற்றுக்குப் போனால்...

ரயில்வேயில் முப்பத்தேழு வருஷம் கேரேஜ் அண்டு வேகன் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். பாலிடெக்னிக் டிப்ளமோவோடு வேலைக்குச் சேர்ந்து, சீனியர் செக்‌ஷன் எஞ்சினீயராக ரிடையர் ஆனேன். நம் சங்க மலரில் நான் எழுதினால் பெட்டி, சக்கரம், பிரேக் என்றுதான் இருக்கும் என்று வாசகர்கள் எதிர்பார்ப்பது நியாயமே. இந்த முறை விஷயம் வேறு. தலைமுடியைப் பற்றி, அதிலும் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்த தலைமுடியைப் பற்றி எழுதப் போகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிக்க வேண்டாம். ஆனால் வளரும் பெண் குழந்தை இருக்கிற வீட்டார் கட்டாயம் படிக்க வேண்டும்.

நான் டாக்டர் அல்ல. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இது நடந்தது. அந்தச் சமயத்தில் ஆஸ்பத்திரி வாசலில் அவர்களோடு நானும் நின்றேன். அதன் பிறகு டாக்டர்களிடம் கேட்டும், புத்தகங்களைப் புரட்டியும் தெரிந்துகொண்டதை, நம் சங்க உறுப்பினரான ஒரு டாக்டரிடம் படித்துக் காட்டிய பிறகே இங்கே தருகிறேன்.

சோற்றில் கிடந்த முடி

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். சோற்றில் ஒரு முடி கிடந்து, தெரியாமல் விழுங்கிவிட்டால் ஒன்றும் ஆகாது. ஒன்றிரண்டு முடிகள் அப்படியே குடல் வழியாக மலத்தோடு வெளியேறிவிடும். நம் பாட்டிமார் பயப்பட்ட அளவுக்கு அதில் ஆபத்து கிடையாது.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சில பிள்ளைகளுக்குத் தங்கள் முடியைத் தாங்களே பிடுங்குகிற பழக்கம் உண்டு. பிடுங்கிய முடியை உதட்டில் தேய்ப்பார்கள், வேரைக் கடிப்பார்கள், சிலர் விழுங்கியும் விடுவார்கள். சடை நுனியை வாயில் வைத்துச் சப்பிச் சப்பியே தின்கிறவர்களும் உண்டு. தினமும், மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் இது நடந்தால் வயிற்றுக்குள் முடி உருண்டை உண்டாகிறது. டாக்டர்கள் இதை ‘டிரைக்கோபெஸோவார்’ என்கிறார்கள். இப்படி வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பெண்கள். அதிலும் பெரும்பாலோர் இருபது வயதுக்குட்பட்டவர்கள்.

முடி பிடுங்குகிற எல்லாரும் விழுங்குவதில்லை. விழுங்குகிற எல்லாருக்கும் உருண்டை உண்டாவதும் இல்லை. அபூர்வமான நோய்தான். ஆனால் உண்டான பிறகு தானாகப் போகாத நோய்.

விஷமுறிவுக் கல்

‘பெஸோவார்’ என்ற சொல்லுக்கு ஒரு கதை உண்டு. பாரசீக மொழியில் ‘பாத்ஸஹர்’ என்றால் விஷத்தை முறிப்பது என்று பொருள். காட்டாடு போன்ற பிராணிகளின் வயிற்றில் கிடைக்கும் கல் விஷத்தை முறிக்கும் என்று ஒரு காலத்தில் ராஜாக்கள் நம்பினார்கள். தங்கத்தில் கூடு செய்து அதைப் பத்திரப்படுத்தினார்கள். கிராக்கி அதிகமானதால் 17ஆம் நூற்றாண்டில் கோவாவில் பாதிரிமார்கள் செயற்கையாகவே உருண்டை பிடித்து ‘கோவாக் கல்’ என்று விற்றார்கள். பிரெஞ்சு அரண்மனை மருத்துவர் அம்புருவாஸ் பாரே என்பவர் 16ஆம் நூற்றாண்டிலேயே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார். வெள்ளித் தட்டு திருடி மரண தண்டனை பெற்ற சமையல்காரன் ஒருவனுக்கு விஷத்தையும் கொடுத்து, பெஸோவார் கல்லையும் கொடுத்தார்கள். அவன் சில மணி நேரம் துடித்துச் செத்துப் போனான். கல்லின் மகிமை அத்தோடு தெரிந்துவிட்டது.

மனித வயிற்றில் முடி உருண்டை இருந்ததை 1779இல் போடமான் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதி வைத்தார். 1883இல் ஷோன்போர்ன் என்ற ஜெர்மானிய டாக்டர் ஆபரேஷன் செய்து முதன்முதலில் அதை வெளியே எடுத்தார். சிலருக்கு உருண்டை வயிற்றோடு நிற்காமல், வால் போல நீண்டு சிறுகுடலுக்குள் இறங்கிவிடும். 1968இல் அதற்கு ‘ராபன்ஸல் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்தார்கள். கிரிம் சகோதரர்களின் கதையில் கோபுரத்தில் அடைபட்டுக் கிடக்கிற நீளக் கூந்தல் பெண்ணின் பெயர் அது. நம் பேரன் பேத்திகளுக்குக் கதை தெரிந்திருக்கும்.

ஏன் செரிப்பதில்லை?

ரயில் பெட்டியில் வாஷ்பேசின் அடைத்துக்கொண்டது என்று புகார் வந்தால், பைப்பைக் கழற்றும்போது முக்கால்வாசி முடிதான் வரும். தனி முடி தண்ணீரோடு ஓடிவிடும். எங்கேயாவது ஓர் ஓரத்தில் நாலு முடி சிக்கிக்கொண்டால் போதும், பின்னால் வருவதெல்லாம் அதில் பின்னிக்கொள்ளும். பிறகு சோப்பு, எண்ணெய், அழுக்கு எல்லாம் சேர்ந்து ஒரே கட்டியாகிவிடும்.

வயிற்றிலும் அதேதான். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. இரைப்பையில் சுரக்கிற அமிலமோ செரிமான நீரோ அதைக் கரைக்க முடியாது. உணவைத் தள்ளிவிடுவதற்காக இரைப்பை சுருங்கி விரியும்போது, வழவழப்பான முடி பிடிபடாமல் நழுவி உள்மடிப்புகளில் தங்கிவிடும். மேலும் மேலும் வருகிற முடி அதோடு பின்னி, சளியும் உணவுத் துணுக்கும் ஒட்டி, கடைசியில் இரைப்பை எந்த வடிவமோ அதே வடிவத்தில் அச்சு வார்த்தது போல ஒரு கட்டி உருவாகிவிடும். எந்த நிறத்து முடியானாலும் அமிலத்தில் ஊறிக் கருத்துப் போகும். சிக்கிய உணவு அங்கேயே அழுகுவதால் வாய் நாற்றம் வரும்.

எஞ்சினீயர் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு முடியின் எடை சுமார் 2 மில்லிகிராம். தினம் 30 முடி விழுங்கினால் நாளுக்கு 60 மில்லிகிராம், வருஷத்துக்கு ஏறக்குறைய 22 கிராம். சளியும் உணவும் நீரும் சேர்ந்து கட்டியின் எடை இதைப்போல் சில மடங்கு ஆகலாம். அப்படிப் பார்த்தாலும் கால் கிலோ, அரைக் கிலோ உருண்டை சேர வருஷக்கணக்கில் ஆகும். இந்தக் கணக்கைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. ஒரே வீட்டில், அம்மா அப்பா கண்ணெதிரே, இத்தனை நாளும் இது நடந்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயமே.

தண்ணீர் மேல் பழி

ஊரும் பேரும் சொல்லக் கூடாது, ஆனால் நாலு பேருக்குப் பயன்படுமானால் எழுதுங்கள் என்று அந்தக் குடும்பத்தாரே என்னிடம் சொன்னார்கள். நர்மதைக்கு வடக்கே ஒரு ரயில்வே காலனி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா எங்கள் டிபார்ட்மெண்ட்டில் என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். தென் மாவட்டத்துக்காரர். மாற்றலாகி வந்தபோது மூத்த பெண் ஐந்தாம் வகுப்பு. அதுவரை பாட்டியோடு ஒட்டிக்கொண்டு வளர்ந்த பெண். பாட்டி ஊரிலேயே தங்கிவிட்டாள். இங்கே பள்ளிக்கூடத்தில் பேச்செல்லாம் ஹிந்தி. இந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை தெரியாது.

வந்த ஆறு மாதத்தில் முடி குறைய ஆரம்பித்தது. “இந்த ஊர் உப்புத் தண்ணி அக்கா, எனக்கும்தான் கொட்டுது” என்று அந்தப் பெண்ணின் அம்மா என் மனைவியிடம் சொல்வாள். நம் ஆட்களில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். தமிழ்நாட்டை விட்டு வந்த எல்லா வீட்டிலும் முடி கொட்டினால் தண்ணீர்தான் குற்றவாளி. ஊரிலிருந்து மூலிகை எண்ணெய் வந்தது. செம்பருத்தி அரைத்துத் தேய்த்தார்கள். சடையை இறுக்கப் பின்னி, உள்ளே சவுரி வைத்து ரிப்பன் கட்டி அனுப்பினார்கள். குறைந்திருந்த இடம் வெளியே தெரியவில்லை.

எட்டாம் வகுப்பில் வயிற்றுவலி. இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்டது என்று எழுந்துவிடுவாள். வாந்தி. இதற்கும் காரணம் கைவசம் இருந்தது: “சப்பாத்தி ஒத்துக்கலை.” ஒரு டாக்டர் அசிடிட்டி என்றார். இன்னொருவர் பூச்சி மருந்து கொடுத்தார். ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். உள்ளூரில் எடுத்த ஒரு ஸ்கேனில் வாயு என்று எழுதியிருந்தது. ஊருக்குப் போனபோது மந்திரித்துக் கயிறும் கட்டினார்கள். எட்டு மாதத்தில் ஏழு கிலோ இளைத்துவிட்டாள்.

கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டர் ஒரு பெண் பார்த்தார். வயிற்றைத் தொடுவதற்கு முன்னால் ரிப்பனை அவிழ்க்கச் சொன்னார். விரலால் முடியை விலக்கி விலக்கிப் பார்த்தார். வலது காதுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு முடி குட்டையும் நெட்டையுமாக இருந்தது. அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பெண்ணிடம் தனியாகப் பேசினார். பத்து நிமிஷம். அந்தப் பெண்ணிடம் மூன்று வருஷமாக யாரும் கேட்காத ஒரு கேள்வியை அவர் கேட்டார்: “பிடுங்கின முடியை என்னம்மா செய்வே?”

மறுநாள் ஸ்கேன், அதற்கடுத்த வாரம் ஆபரேஷன். வெளியே வந்த உருண்டை 350 கிராம். கறுப்பாக, இரைப்பையை அப்படியே உரித்து வைத்தாற்போல, கீழே ஒரு சாண் வாலோடு இருந்தது. அந்தத் தாய், “மூணு வருஷமாத் தண்ணியைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேனே” என்று சுவரில் சாய்ந்துவிட்டாள். அந்தப் பெண் பிற்பாடு என்னிடம் சொன்னது இது: “வேணும்னு பண்ணலை தாத்தா. படிக்கும்போது கை தானாப் போயிடும். அப்புறம்தான் தெரியும். சொன்னா அசிங்கமாப் பேசுவாங்கன்னு சொல்லலை.”

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மேல்வயிற்றில் வலி, சீக்கிரம் வயிறு நிறைவது, குமட்டல், வாந்தி, இளைப்பு, ரத்தசோகை, வாய் நாற்றம் ஆகியவை பொதுவான அறிகுறிகள். இவை நூறு நோய்களுக்கு வரும். இவற்றோடு தலையில் முடி குறைந்த இடமும் இருந்தால்தான் சந்தேகம் எழ வேண்டும். சில பிள்ளைகளுக்கு மேல்வயிற்றில், இடது பக்கமாக, கையால் தொட்டால் நகர்கிற கெட்டியான கட்டி தட்டுப்படும்.

தலையைப் பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. புழுவெட்டு என்று நாம் சொல்வதில் வட்டமாக, வழவழவென்று முடியே இல்லாமல் இருக்கும். படை வந்திருந்தால் செதில் உதிரும். பிடுங்கிய இடத்தில் செதிலும் இருக்காது, முழு வழுக்கையும் இருக்காது. முறிந்த முடிகள் வெவ்வேறு நீளத்தில் குத்திட்டு நிற்கும். தோல் டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார்.

சாதாரண அல்ட்ராசவுண்டில் இரைப்பைக்கு முன்னால் வளைந்த வெள்ளைக் கோடும் அதற்குப் பின்னால் ஒரே நிழலும் தெரியும். வாயு என்றோ உணவு என்றோ இதைத் தவறாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. சி.டி. ஸ்கேனில், உள்ளே காற்றுப் புள்ளிகள் சிக்கிய கட்டியாக, இரைப்பைச் சுவரோடு ஒட்டாமல் தனியாகத் தெரியும். வால் எதுவரை போயிருக்கிறது என்பதும் தெரியும். எண்டாஸ்கோப்பியில் குழாய் வழியாக நேரிலேயே முடியைப் பார்த்துவிடலாம். சந்தேகத்துக்கு இடமே இல்லாத சோதனை அதுதான். ஆனால் இத்தனை கருவிகளும் டாக்டருக்குச் சந்தேகம் வந்த பிறகுதான் உதவும். அந்தச் சந்தேகத்தைக் கிளப்பும் தகவல் வீட்டிலிருந்துதான் போக வேண்டும்.

கவனிக்காமல் விட்டால் இரைப்பையில் புண், ரத்தக் கசிவு, ஓட்டை விழுதல் எல்லாம் வரலாம். வாலோ, பிய்ந்த துண்டோ குடலை அடைக்கலாம். விடாத வாந்தி, வயிறு கல்லாக உப்புவது, மலமும் காற்றும் பிரியாமல் நிற்பது, ரத்த வாந்தி, கறுப்பு மலம் ஆகியவற்றில் எது கண்டாலும் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

எப்படி எடுக்கிறார்கள்?

வாழைத்தண்டு சாப்பிட்டால் வயிற்றில் உள்ள முடி அறுந்து போய்விடும் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. வாழைத்தண்டு நல்ல உணவு, பொரியல் செய்து தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் கெரட்டினைக் கரைக்கிற சக்தி அதில் கிடையாது. ஏற்கெனவே உருண்டை இருக்கிற வயிற்றில் நாரைப் போட்டால் அதுவும் போய் அதில் சிக்கத்தான் வாய்ப்பு. கோகோ கோலா குடித்தால் கரையும் என்று ஒரு செய்தியும் உலவுகிறது. அது பழ நார், காய்கறி நார் இறுகி உண்டாகும் வேறு வகைக் கட்டிக்குப் பலன் தந்திருக்கிறது. முடிக்குப் பலிக்காது. பேதி மருந்தும் உதவாது.

எண்டாஸ்கோப்பிக் குழாய் வழியாகப் பிய்த்து எடுக்க முயற்சி செய்வதுண்டு. சிறிய உருண்டைக்குச் சரி. பெரியதில் பத்துத் தடவை குழாயை விட்டு எடுக்க வேண்டியிருக்கும். பிய்ந்த துண்டு கீழே இறங்கிக் குடலை அடைக்கும் அபாயமும் உண்டு. 2010இல் வெளியான ஒரு மருத்துவத் தொகுப்பின்படி, குழாய் வழியாக முயன்றவற்றில் 5 சதவீதம்தான் வெற்றி. லேப்ராஸ்கோப்பி என்ற சிறுதுளை ஆபரேஷனில் 75 சதவீதம். வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷனில் ஏறக்குறைய எல்லாமே வெற்றி. வயிற்றைக் கிழிக்க வேண்டுமா என்று பெற்றோர் கலங்குவது இயற்கை. ஆனால் பெரிய உருண்டைக்குப் பல டாக்டர்கள் இன்றும் அதைத்தான் நம்புகிறார்கள். இரைப்பையைத் திறந்து ஒரே துண்டாக எடுத்து, குடலை முழுக்கத் தடவிப் பார்த்து, வேறு துண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு தைத்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் சிகாகோவில் 18 வயதுப் பெண் ஒருத்திக்கு நாலரைக் கிலோ உருண்டையை எடுத்தது 2007இல் மருத்துவப் பத்திரிகையில் வந்தது. ஐந்து மாதத்தில் 18 கிலோ இளைத்திருந்தவள், ஒரு வருஷம் கழித்து வலியில்லாமல், எடை ஏறி, முடி தின்பதையும் விட்டுவிட்டாள். நம் கோயம்புத்தூரிலேயே 2020 ஜனவரியில் 13 வயதுச் சிறுமி ஒருத்தியின் வயிற்றிலிருந்து அரைக் கிலோ முடியும் காலி ஷாம்புப் பாக்கெட்டுகளும் எடுக்கப்பட்டன. நெருங்கிய உறவினர் ஒருவர் இறந்த துக்கத்தில் அவள் இருந்தாள் என்று பத்திரிகைகள் எழுதின.

பேரிங்கை மாற்றினால் போதுமா?

எங்கள் வேலையில் ‘ஹாட் ஆக்சில்’ என்று ஒன்று உண்டு. ஓடுகிற வண்டியில் அச்சு முனை சூடேறிப் புகையும். பெட்டியைக் கழற்றிப் பேரிங்கை மாற்றுவது கட்டாயம். ஆனால் ஏன் சூடேறியது என்று பார்க்காமல் புதுப் பேரிங்கைப் போட்டு அனுப்பினால் அடுத்த டிவிஷனில் மறுபடி புகையும். முடி உருண்டையும் அப்படித்தான். ஆபரேஷன் செய்து எடுத்த பிறகு, பழக்கத்துக்கு வைத்தியம் செய்யாமல் விட்டதால் மறுபடி உருண்டை வந்தவர்கள் உண்டு.

முடி பிடுங்கும் பழக்கத்துக்கு 1889லேயே ஹாலோபோ என்ற பிரெஞ்சு டாக்டர் ‘டிரைக்கோடில்லோமேனியா’ என்று பெயர் வைத்துவிட்டார். இது திமிர் அல்ல, பேய் அல்ல, பைத்தியமும் அல்ல. மனத்தில் ஓர் இறுக்கம், பிடுங்கினால் ஒரு கணம் நிம்மதி, பிறகு வெட்கம், அந்த வெட்கத்தால் மறுபடி இறுக்கம் என்று சுற்றிச் சுற்றி வரும். திட்டினால் வெட்கம் கூடும், வெட்கம் கூடினால் பழக்கமும் கூடும். மொட்டை அடித்துவிட்டால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். வேண்டுதலுக்கு மொட்டை வேறு. தண்டனையாக அடிக்கும் மொட்டை அந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் இன்னும் குனிய வைக்கும். முடி வளர்ந்ததும் கை மறுபடி அங்கேதான் போகும்.

இதற்கு 1973 முதல் ஒரு பயிற்சி முறை இருக்கிறது. மனநல நிபுணர் சொல்லிக் கொடுப்பார். எப்போது, எங்கே கை போகிறது என்று முதலில் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் லாக் புக் எழுதுவது போலத்தான். கை எழும்போதே, அதற்குப் பதிலாக முஷ்டியை இறுக்கி ஒரு நிமிஷம் வைத்திருக்க வேண்டும், அல்லது ஒரு பந்தைப் பிடிக்க வேண்டும். படிக்கிற நேரத்தில் தலையில் துணி கட்டிக்கொள்வது, விரல் நுனியில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்வது போன்ற உபாயங்களும் உண்டு. வீட்டார் ‘கையை எடு’ என்று கத்தாமல், தங்களுக்குள் பேசி வைத்த சிறு ஜாடையால் நினைவூட்ட வேண்டும். மாத்திரை தேவையா என்பதை டாக்டர் முடிவு செய்வார். ரத்தசோகையையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் மண், சாம்பல், முடி என்று உணவல்லாததைத் தின்னத் தோன்றும் என்கிறார்கள்.

நான் சொன்ன பெண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து எட்டு மாதத்தில், பரீட்சைச் சமயத்தில், மறுபடி காதுக்குப் பின்னால் இடம் தெரிந்தது. இந்தத் தடவை அம்மா உடனே பார்த்துவிட்டாள், திட்டவில்லை. ஸ்கேனில் வயிறு சுத்தமாக இருந்தது. பழையபடி பயிற்சியைத் தொடங்கினார்கள். இப்போது இரண்டு வருஷமாக நன்றாக இருக்கிறாள். ஆனால் நடுவில் ஒரு சிக்கல் வந்தது, அது நம்மைப் போன்றவர்களுக்கே உரிய சிக்கல். ஆலோசனை சொன்ன நிபுணருக்குத் தமிழ் தெரியாது. பெண்ணுக்கு ஹிந்தி இப்போது சரளம்தான். ஆனாலும் பாட்டியைப் பற்றியும், வகுப்பில் கேலி செய்ததைப் பற்றியும் ஹிந்தியில் சொல்ல அவளுக்கு வரவில்லை. தமிழ் தெரிந்த ஒருவரிடம் ஃபோனில் பேச ஆரம்பித்த பிறகுதான் மனம் திறந்தாள். மத்திய அரசு 2022இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையின் எண் 14416. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

1. தலையணையிலும் சீப்பிலும் உதிர்ந்த முடி இல்லை, ஆனால் தலையில் முடி குறைகிறது என்றால், அந்த முடி எங்கே போகிறது என்று யோசியுங்கள்.

2. ஒரே பக்கம், ஒரே இடம் குறைந்தால் தண்ணீர் மேல் பழி போடாதீர்கள். தண்ணீர் தலை முழுக்கத்தான் படுகிறது.

3. சடை நுனியைக் கடிப்பது, டி.வி. பார்க்கும்போதும் படிக்கும்போதும் விரலில் முடியைச் சுற்றுவது ஆகியவற்றைக் கவனியுங்கள். அதட்ட வேண்டாம்.

4. வயிற்றுவலிக்கு டாக்டரிடம் போனால் முடி குறைவதையும் சொல்லுங்கள். தோல் டாக்டரிடம் போனால் வயிற்றுவலியையும் சொல்லுங்கள். நாம் ஒன்றை ஒரு டாக்டரிடமும் மற்றதை வேறொரு டாக்டரிடமும் சொல்வதால்தான் இரண்டும் சேராமல் போகின்றன.

5. டாக்டர் பிள்ளையோடு தனியாகப் பேச விரும்பினால், தயங்காமல் எழுந்து வெளியே போங்கள்.

6. மாற்றல், பள்ளி மாறுதல், வீட்டில் ஒரு சாவு, பெற்றோர் சண்டை ஆகியவற்றுக்குப் பிறகு வரும் ஆறு மாதம் பிள்ளையைக் கூடுதலாகக் கவனியுங்கள். மாற்றல் நமக்கு ஒரு உத்தரவுக் காகிதம். பிள்ளைக்கு அது பாட்டி, தோழி, மொழி எல்லாம் ஒரே நாளில் போவது.

நம் வீடுகளில் முன்பெல்லாம் சாயங்காலம் வாசற்படியில் உட்கார வைத்து, எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, வகிடு எடுத்துப் பின்னிவிடுவார்கள். தலையில் பேன் இருக்கிறதா, புண் இருக்கிறதா, மனத்தில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். இப்போது காலை ஆறரை மணிப் பள்ளி பஸ்ஸுக்குக் குதிரைவால் கட்டி அனுப்புகிறோம். தினமும் முடியாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமையாவது அந்தக் கால் மணி நேரத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். நம் சங்கத்து மகளிர் அணியினர் இந்த விஷயத்தைப் பற்றி ஒரு டாக்டரை அழைத்து, தமிழில், ஒரு மாலை பேச வைத்தால் நல்லது. நாற்காலி போடுகிற வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.